வளைந்த முகப்பு மீன் தொட்டி: வாங்கும் முன் சில குறிப்புகள்

கொளத்தூர்க் கடைகளில் நீல விளக்கொளியில் முகப்பு வளைந்து நிற்கும் கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டிலிருக்கும் பெட்டித் தொட்டி சற்று ஏழையாகத்தான் தெரியும். எங்கள் வீட்டுக்குள் வளைவு நுழைந்ததும் அப்படித்தான். நான்கு வருடமாக அதைத் துடைக்கிற கை இதை எழுதுகிறது. நன்னீர் மீனுக்கு வளைவு அழகு. பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்குக்கு அழகோடு கொஞ்சம் தொல்லையும் சேர்ந்தே வரும்.

1. எந்த வளைவு என்று முதலில் தெளிவாகுங்கள். 'கர்வ் கிளாஸ்' என்று கடைக்காரர் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முகப்புக் கண்ணாடி முழுவதும் வில்போல் நடுவில் புடைத்திருக்கும். மற்றொன்றில் முகப்பு தட்டைதான். முன்பக்க மூலைகள் மட்டும் ஒட்டில்லாமல் ஒரே கண்ணாடியாக வளைந்து பக்கவாட்டுக்குப் போகும். இரண்டாவதில் மூலையில் சிலிக்கான் கோடும் தெரியாது, மீனும் உருமாறாது. மனம் ஊசலாடினால் என் ஓட்டு இரண்டாவதற்கே. மீதிக் குறிப்புகள் வில் முகப்பை விட முடியாதவர்களுக்கு.

2. எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்? நீர் நிறைந்த வில் முகப்பு ஒரு லென்ஸ். பக்கவாட்டில் மட்டும் பெரிதாக்கும், உயரத்தைத் தொடாது. குறுக்கே நீந்தும் கோமாளி மீன் நீண்டு தெரியும்; உங்களைப் பார்த்து வந்தால் பருத்துத் தெரியும். நேர் எதிரே சோபா போட்டால் இது உறுத்தாது. வாசலிலிருந்து சாய்வாகப் பார்க்கும் இடமென்றால் ஓரங்களில் பவளம் இழுபட்டுத் தெரியும். செல்போனில் படம் எடுத்துப் பகிர்வதுதான் முக்கிய ஆசை என்றால் தட்டைக் கண்ணாடியே வாங்கிவிடுங்கள்.

3. கடைக்குப் போகும்போது கட்டம் போட்ட லுங்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சிரிக்காதீர்கள். காலித் தொட்டியின் உள்ளே முகப்புக்குப் பின்னால் சற்றுத் தள்ளிப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். கட்டங்கள் சீராக வளைந்தால் சரி. ஓரிடத்தில் அலைபோல் நெளிந்தால் கண்ணாடியைச் சூடேற்றி வளைத்தபோது அங்கே பிசகியிருக்கிறது. தண்ணீர் நிரப்பினாலும் அந்த நெளிவு போகாது.

4. கொள்ளளவை நீங்களே கணக்கிடுங்கள். நீளத்தைப் பக்க அகலத்தால் பெருக்குங்கள். நீளத்தை நடுவில் புடைத்த அளவால் (நடு அகலத்தில் பக்க அகலம் போக மீதி) பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கை இதோடு கூட்டுங்கள். வருவதை உயரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். உதாரணமாக நீளம் 120 செ.மீ., பக்க அகலம் 40, நடுவில் 55, உயரம் 55 என்றால் 4800-ம் 1200-ம் சேர்ந்து 6000. உயரத்தோடு பெருக்க 330 லிட்டர். விளிம்புவரை நிரப்ப மாட்டோம் என்பதால் கைக்கு வருவது 300 லிட்டர். உப்பின் அளவு, விளக்கு, பம்ப் எல்லாமே இந்த எண்ணை வைத்துத்தான்.

5. அடுத்தது எடை. அந்த 300 லிட்டர் கடல்நீரே 307 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. கல், மணல், ஸ்டாண்ட், கீழ்த்தொட்டி நீர் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய அரை டன். மாடி வீட்டில் உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீட்டு மாடி என்றால் பொறியாளரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

6. கண்ணாடியா, அக்ரிலிக்கா? அக்ரிலிக் எளிதாக வளையும், எடை குறைவு, பச்சைச் சாயல் கிடையாது. ஆனால் ஒரு மணல் துகள் போதும், கீறல் விழுந்துவிடும். பவளத் தொட்டியில் அடிக்கடி சுரண்ட வேண்டியிருப்பதால் கண்ணாடிதான். பட்ஜெட் இடம் கொடுத்தால் முகப்புக்கு மட்டும் இரும்புச்சத்து குறைந்த தெளிந்த கண்ணாடி கேளுங்கள்.

7. சுத்தம் செய்வதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். பவளம் எலும்புக்கூடு கட்டத் தண்ணீரில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? அதே கால்சியத்தை எடுத்துக்கொண்டு ஊதாவும் இளஞ்சிவப்புமான ஒரு பாசி கண்ணாடியில் சுண்ணாம்புபோல் கெட்டியாகப் படியும். பஞ்சால் தேய்த்தால் அசையாது. தட்டையான காந்தத் துடைப்பானோ இந்த வளைவில் ஒழுங்காகப் படியாது. உட்புறக் குழிவில் இரண்டு ஓரம் மட்டும் தொடும், வெளிப்புறத்தில் நடு மட்டும் தொடும். பிடி தளர்ந்து காந்தம் மணலில் விழும்.

எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது. வில் முகப்பு இடம் வலமாகத்தான் வளைந்திருக்கிறது, மேலிருந்து கீழாக நேர்கோடுதான். ஆகவே பிளேடைக் கிடைமட்டமாகப் பிடிக்காமல் செங்குத்தாக நிறுத்தி, பக்கவாட்டில் இழுங்கள். முழு நீளமும் படியும். காலாவதியான ஏடிஎம் கார்டு இன்னும் நல்லது. வளைவுக்கேற்பத் தானே வளையும், மூலையிலிருக்கும் சிலிக்கானையும் வெட்டாது. கல் அடுக்கும்போதே முகப்பிலிருந்து நான்கு விரற்கடையாவது விட்டுவிடுங்கள், கை நுழைய வேண்டும்.

8. துளை போடுவது பின்கண்ணாடியில்தான். தண்ணீரைக் கீழே சம்ப்புக்கு இறக்க ஓர் ஓட்டை வேண்டும். நம் ஊரில் சம்ப் என்றால் வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இங்கே ஸ்டாண்டுக்குள் வைக்கும் வடிகட்டித் தொட்டி. டெம்பர்டு கண்ணாடியில் துளையிட்டால் முழுதும் நொறுங்கிவிடும். கண்டுபிடிக்க, கண்ணாடிக்குப் பின்னால் லேப்டாப் திரையை வெள்ளையாக எரியவிட்டு, போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்து பாருங்கள். புள்ளியோ பட்டையோ தெரிந்தால் டெம்பர்டு. அலைபம்புகளையும் வளைவில் ஒட்டாமல் பின்சுவரிலோ பக்கத்திலோ ஒட்டுங்கள்.

9. ஸ்டாண்ட் தொட்டியோடு சேர்ந்தே வரட்டும். தச்சரிடம் தனியாகச் சொன்னால் முன்வளைவு சரியாக அமைவது அபூர்வம். அடிப்பாகம் ஓரிடத்தில் தாங்கலில்லாமல் நின்றால் ஆபத்து. உள்ளே வைக்கப்போகும் சம்ப் கதவு வழியாக நுழையுமா என்று டேப் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் வைக்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சட்டமில்லாத தொட்டிக்கு அடியில் தெர்மக்கோல் விரிக்கலாம். பிளாஸ்டிக் சட்டம் உள்ளதற்கு வேண்டாம்.

10. மேல்மூடிக்கு நியூஸ்பேப்பரை வளைவின்மேல் விரித்து விளிம்பை மடித்து அச்சு எடுங்கள். கண்ணாடியைவிட வலை நல்லது. மூடியே இல்லாவிட்டால் பவளத் தொட்டி மீன்கள் சில, இரவில் துள்ளித் தரையில் கிடக்கும்.

11. கோடையில் தொட்டி 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க சில்லர் தேவைப்படும், அதன் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஆவியாகும் அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

12. ராமேஸ்வரம் போன உறவினர் பவளத்துண்டோ கல்லோ கொண்டுவருகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பதே குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் அவற்றைக் காக்கவும்தான் தேசியப் பூங்காவாகின. செயற்கைக் கல் கடையிலேயே கிடைக்கிறது. இறக்குமதிப் பவளம் என்று சொல்லி விற்றால் அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மீனிலும் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள், தொட்டி வாழ்க்கை அதற்குப் பழக்கம்.

13. பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன், போர்டிகோவில் வைத்து வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். அடியில் பழைய செய்தித்தாள் விரித்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். வளைவும் பக்கக் கண்ணாடியும் சேரும் இரு ஒட்டுகளில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்தால் முகப்புக் கண்ணாடி மட்டும் கிடைக்குமா, எத்தனை நாளாகும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தட்டைக் கண்ணாடி என்றால் தெருமுனைக் கடையிலேயே வெட்டித் தருவார்கள். வளைவை எங்கள் பேட்டையில் ஒருவரும் தொடவில்லை.