வீட்டுக்கு நெட் வாங்கும் முன் நம் வீட்டிலேயே ஒரு சோதனை



போன மாதம் ஆனையூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்பு வந்தது. ஒரு அக்கா எழுந்து, “மேடம், எனக்கு 6,000 ரூபா கடன் வேணும். வீட்டுக்கு நெட்டு போடணும்” என்றார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மகன் பிளஸ் டூ. அக்கா ஜாக்கெட் தைத்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு நல்ல போன். மகள் வகுப்பில் இருக்கும்போது ஆர்டர் வந்தால் போச்சு.

“எந்தக் கம்பெனி நெட்டுக்கா? எந்தப் பெட்டி?” என்று கேட்டேன்.

“அதான் டிவில காமிக்கிறாங்கள்ல, அதுதேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நானும் அப்படி வாங்கி ஏமாந்தவள்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு சிம் ரவுட்டர் வாங்கினேன். கம்பெனி பெயர் எதற்கு? மொட்டை மாடியில் நன்றாக ஓடியது. வீட்டுக்குள் கொண்டு வந்தால் சிக்னல் இல்லை. வேறு சிம் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. அந்தப் பெட்டியில் அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் ஓடுமாம். கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இன்றைக்கும் அது பரணில் கிடக்கிறது.

என் பணம் போனது என்னோடு போகட்டும். ஆனால் குழுக் கடன் அப்படி இல்லையே. நெட் வராவிட்டாலும் தவணை தவறாமல் வந்துவிடும். அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

மேலூர் நமக்குச் சொல்லும் பாடம்

கம்பி இல்லாமல் காற்று வழியே வரும் நெட் மதுரை மாவட்டத்துக்குப் புதிது அல்ல. 2001-ல் நம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் ‘சாரி’ என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘கார்டெக்ட்’ என்ற தொழில்நுட்பத்தில், டவரைப் பார்த்து ஆண்டெனா பொருத்தி, கிராமத்துக் கணினி மையங்களுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். வேகம் நொடிக்கு 70 கிலோபிட் வரைதான். அதை வைத்தே அரசு அலுவலகத்துக்கு மனு அனுப்பினார்கள், கண் படத்தை அனுப்பி அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆலோசனை கேட்டார்கள்.

ஆனால் அந்த மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. மாதச் செலவுக்கு ஏற்ற வருமானம் இல்லை. தொடர்ந்து கூட நின்று உதவ ஆளும் இல்லை.

இன்று வேகம் பல மடங்கு கூடிவிட்டது. 2023 முதல் நொடிக்கு 2 மெகாபிட்டாவது வந்தால்தான் அதை ‘பிராட்பேண்ட்’ என்றே சொல்ல வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. நம் வீட்டில் எடுக்குமா? மாதா மாதம் கட்ட முடியுமா? கெட்டுப்போனால் யார் வருவார்?

நெட் வர நான்கு வழிகள்

1. போன் ஹாட்ஸ்பாட்: இருக்கிற போனிலிருந்தே மற்றவர்களுக்குக் கொடுப்பது. தனிச் செலவு இல்லை. ஆனால் போன் வெளியே போனால் நெட்டும் கூடவே போய்விடும்.

2. சிம் ரவுட்டர்: சிம் போட்டு கரண்டில் மாட்டும் பெட்டி. வீடு மாறினால் எடுத்துப் போகலாம். வாடகை வீட்டுக்கு ஏற்றது.

3. மாடி ஆண்டெனா: ஜியோவும் ஏர்டெலும் 2023 முதல் ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் தருகின்றன. பெயரில் ஃபைபர் இருந்தாலும் நம் வீட்டுக்குக் கம்பி வராது. மாடியில் வைக்கும் கருவி டவரிலிருந்து வாங்கி, உள்ளே இருக்கும் ரவுட்டருக்குக் கொடுக்கும். மாடியில் மாட்ட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்.

4. ஃபைபர் கேபிள்: கண்ணாடி இழைக் கம்பி நேராக வீட்டுக்கு வரும். பி.எஸ்.என்.எல். உட்படப் பல நிறுவனங்கள் தருகின்றன. தெருவுக்குக் கம்பி வந்திருந்தால், நெரிசல் நேரத்திலும் பெரும்பாலும் நிலையாக ஓடுவது இதுதான். முதலில் இதை விசாரியுங்கள். இல்லையென்றால் மற்றதைப் பாருங்கள்.

குழுவே நம் சோதனைக்கூடம்

ஜியோ, ஏர்டெல், விஐ, பி.எஸ்.என்.எல். இவற்றில் எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனையூரில் நன்றாக எடுப்பது சிக்கந்தர் சாவடியில் எடுக்காமல் போகலாம். ஒரே தெருவில் முன்வீட்டில் எடுப்பது பின்வீட்டில் எடுக்காமலும் போகும். கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் சிக்னலைத் தடுக்கும்.

நம் குழுவில் 12 முதல் 20 பேர் இருக்கிறோம். எப்படியும் இரண்டு மூன்று கம்பெனி சிம் இருக்கும். வேறு வேறு சிம் வைத்திருக்கும் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், ஒரு டீ போட்டுக் கொடுங்கள். பிறகு இப்படிச் செய்யுங்கள்.

• ரவுட்டர் வைக்கப்போகும் இடத்திலேயே போனை வையுங்கள். வாசலில் வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது.
• டிராய் அமைப்பின் ‘மைஸ்பீட்’ செயலியில் வேகம் பாருங்கள்.
• காலை, மதியம், இரவு 8 மணி என மூன்று வேளை பாருங்கள். ஊரே நெட் பார்க்கும் இரவு நேரத்தில் வருவதுதான் உண்மையான வேகம். சிக்னல் கோடு நான்கு இருந்தாலும், டவரில் கூட்டம் இருந்தால் வேகம் குறையும்.
• ஜன்னல் ஓரத்திலும் ஒரு முறை பாருங்கள். இடம் மாற்றினாலே சில வீடுகளில் சரியாகிவிடும்.

ஒரு ஆன்லைன் வகுப்புக்கு 2 முதல் 3 மெகாபிட் போதும். இரவு 8 மணிக்கு 10 மெகாபிட் நிலையாக வந்தால் மூன்று பேர் படிக்கலாம். விளம்பரத்தில் வரும் 100-ம் 300-ம் நமக்குக் கட்டாயம் இல்லை.

செலவுக் கணக்கு

“மாதம் 599” என்று போட்டிருந்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டா என்று கேளுங்கள். சேர்த்தால் 707 ரூபாய். 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருடத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை. ஆறு மாதம் முன்பணம், பொருத்தும் கட்டணம், பெட்டிக்கு டெபாசிட், இவை எல்லாம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை ஜி.பி. என்பதும் முக்கியம். சாதாரணத் தரத்தில் படம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜி.பி. வரை ஆகும். ஒரு நாளைக்கு 2 ஜி.பி. பிளானில் மூன்று பேர் பார்த்தால் மதியமே தீர்ந்துவிடும். அந்தப் பிளான் சிம்மை ரவுட்டரில் போடலாமா என்பதையும் கடையிலேயே கேளுங்கள்.

கரண்ட் செலவு பயப்படும்படி இல்லை. 10 வாட் ரவுட்டர் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 14 யூனிட்தான்.

ரவுட்டர் வாங்கும்போது

• “எல்லாக் கம்பெனி சிம்மும் போடலாமா?” இது முதல் கேள்வி. வாயால் சொன்னால் போதாது. தோழியின் சிம்மைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.
• 4ஜி ரவுட்டரில் 5ஜி வராது. 5ஜி பெட்டி விலை கூடுதல். இரவு சோதனையில் 4ஜியே போதும் என்றால் அதற்காகக் கடன் கூட்ட வேண்டாம்.
• பழைய பெட்டி வாங்கினால், அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பாருங்கள். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் விவரம் வரும். திருட்டுப் பொருள் நம் தலையில் விழக் கூடாது.
• பில்லும் வாரண்டி அட்டையும் வாங்கி, கடன் புத்தகத்தோடு வையுங்கள்.
• சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

நெட் நின்று போனால்

முதலில் பெட்டியை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். சரியாகாவிட்டால் அந்தக் கம்பெனி சிம் உள்ள போனிலிருந்து 198-க்குக் கூப்பிடுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். புகார் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம்.

அந்த அக்கா என்ன செய்தார்?

மூன்று தோழிகள் இரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போனார்கள். டிவியில் பார்த்த கம்பெனி, இரவு 8 மணிக்கு அவர் வீட்டில் திணறியது. இன்னொரு கம்பெனி சிம், சமையலறை ஜன்னல் ஓரத்தில் 12 மெகாபிட் காட்டியது. ஃபைபர் அடுத்த தெரு வரைதான் வந்திருக்கிறது. அதனால் எந்த சிம்மும் போடக்கூடிய 4ஜி ரவுட்டர் போதும் என்று முடிவு செய்தார். 6,000 கேட்டவர் 3,000 மட்டும் கடன் வாங்கினார். தீர்மான நோட்டில் அப்படியே எழுதினோம்.

“டீச் செலவு மட்டும்தேன் மேடம், 3,000 மிச்சம்” என்றார்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யார் யாரிடம் எந்தக் கம்பெனி சிம் இருக்கிறது?
2. நம் தெருவுக்கு ஃபைபர் வந்திருக்கிறதா? யார் விசாரிப்பது?
3. நெட்டுக்குக் கடன் கேட்பவர், மூன்று வேளை சோதனை முடித்த பிறகே கேட்க வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?