நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஊர் மாறும் கோழிகள்

டவுனை விட்டுத் தோட்டத்து வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும், பாகம் பிரிந்து புது மனைக்கு மாறுகிறவர்களுக்கும் கோழி விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் யோசனைகளில் பாதிக்கு மேல் நல்ல யோசனைகள்தான். அவற்றுக்குச் சொல்லும் காரணங்கள்தான் இடறுகின்றன. வேலை நடந்தால் போதாதா, காரணம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் தெரியாதவர் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று புரியாமல் கோழியைப் பறிகொடுக்கிறார்.

“தீனி போட்ட கையைக் கோழி மறக்காது. அவிழ்த்துவிட்டால் பொழுது சாய வீடு வந்துவிடும்.”

வரும். ஆனால் எந்த வீட்டுக்கு? கோழிக்கு வீடு என்பது நேற்று ராத்திரி அடைந்த இடம். பழைய வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தால், பகலெல்லாம் புது வாசலில் மேய்ந்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் அங்கே போய் நிற்கும். தூரமாக இருந்தால் கண்ணில் படுகிற உயரத்தில், முருங்கையிலோ டிராக்டர் மேலோ ஏறிக்கொள்ளும். வந்ததும் பஞ்சாரத்தில் கவிழ்த்து மூன்று நாள் வைப்பது இதனால்தான் சரியான பழக்கம். விடைக்கோழிகளுக்கு மூன்று நாள் போதலாம். பல வருஷம் ஒரே இடத்தில் அடைந்த பெட்டைகளுக்கு ஒரு வாரமாவது வேண்டும். அதுவும் பஞ்சாரத்தில் வைப்பதைவிட, இனி அடையப்போகும் கூண்டுக்குள்ளேயே தண்ணீரும் தீனியும் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. காலில் கயிறு கட்டி முளையடிக்கிறவர்கள் உண்டு. நைலான் கயிறு தோலை அறுக்கும், நாய் வந்தால் கோழியால் ஓடவும் முடியாது.

முதல் முறை திறந்துவிடும் நாளில் மத்தியானத் தீனியை நிறுத்திவிட்டு, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கதவைத் திறக்க வேண்டும். பசியில் அது தூரம் போகாது. பா, பா என்று கூப்பிட்டுக் கூண்டுக்குள் ஒரு கை கம்பை இறைத்தால் பாதிக்கு மேல் உள்ளே வந்துவிடும். மரத்தில் ஏறிய மீதியை விரட்டக் கூடாது. நன்றாக இருட்டட்டும். கோழிக்கு மாலைக்கண் என்று சொல்வது கிட்டத்தட்ட உண்மை. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைக்கூடப் பகலில் பார்க்கிற கண், இருட்டில் ரொம்பவே மங்கிவிடும். அப்போது இரண்டு கையாலும் இறக்கையை அணைத்துத் தூக்கினால் திமிறாமல் வரும். நாலைந்து ராத்திரி இப்படி எடுத்து வைத்தால் பிறகு தானே கூண்டுக்குப் போகும்.

மரத்தில் அடைவதுதானே இயற்கை என்று வாதாடுகிறவர்கள் சொல்வதும் பொய்யல்ல. வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி மரத்தில்தான் அடைகிறது. காட்டில் நூறு மரம் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே முருங்கை. மரநாய்க்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது. இருட்டில் கண் தெரியாத கோழி கிளையை விட்டு இறங்கவும் மாட்டாது.

அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலையைச் சுற்றிலும் அடித்துவிட்டுக் கவலையில்லாமல் தூங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் அதைக் கிழித்துவிடும், கீரிக்குட்டி கண் வழியாக நுழைந்துவிடும். கூண்டுக்கு அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் வேண்டும். கீழே ஒரு அடியாவது மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

“கோழி இருக்கிற வீட்டில் பாம்பு அண்டாது.”

கிராமத்து வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் ஆறுதல் இது. கோழி குட்டிப் பாம்பைக் கொத்தித் தின்னும், பூரானைத் தின்னும், தேளைக்கூட விடாது. பெரிய பாம்பைக் கண்டால் கழுத்தை நீட்டிக் கத்திக் கூட்டத்தையே உஷார்ப்படுத்தும். பகலில் இதெல்லாம் உதவிதான். ராத்திரியில் கணக்கு மாறுகிறது. சிந்திய தீனிக்கு எலி வருகிறது, எலிக்குச் சாரைப்பாம்பும் நல்லபாம்பும் வருகின்றன. முட்டைக்கும் குஞ்சுக்கும் கூடப் பாம்பு வரும். ஆகவே கோழி வளர்க்கிற வீட்டில்தான் பாம்பைப் பற்றி அதிகக் கவனம் வேண்டும். தீனியை மூடியுள்ள டிரம்மில் வைப்பதும், மிச்சத் தீனியைச் சாயங்காலமே அள்ளிவிடுவதும், கூண்டை ஒட்டி விறகும் ஓடும் அடுக்காமல் இருப்பதும் அதில் அடங்கும். டார்ச் இல்லாமல் இருட்டில் முட்டை எடுக்கக் கை விடக்கூடாது.

பழைய கூண்டையே கொண்டுபோனால் சீக்கிரம் பழகும் என்பதில் நியாயம் உண்டு. கூடவே செல்லும் வரும். கோழிச்செல் பகலில் மரச்சட்டத்தின் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி ரத்தம் குடிப்பது. கோழி இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், காலியாகக் கிடந்த கூண்டு சுத்தமானது என்றும் நினைக்க முடியாது. இருட்டிய பிறகு கோழி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு முறை இழுத்துத் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செல் இருக்கிறது. கழியையும் இடுக்குகளையும் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் போட வேண்டும். சாம்பல் கலந்த புழுதியில் கோழி புரளட்டும், அது உடம்பில் இருக்கிற பேனைக் குறைக்கும். அதைச் சீக்கு என்று நினைத்துத் துரத்தாதீர்கள்.

காலைச் சேர்த்துக் கட்டி, பைக் ஹாண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் வழக்கம் இன்னும் போகவில்லை. “தலைகீழாகப் பிடித்தால் அடங்கிவிடும்” என்கிறார்கள். அடங்குவது உண்மைதான், சுகத்தால் அல்ல. நமக்கு இருப்பதுபோல் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. தலைகீழானதும் குடலும் ஈரலும் காற்றுப் பைகளின் மேல் சாய்ந்து மூச்சுத் திணறுகிறது. காற்று புகும் கூடையில், விடிவதற்கு முன் கொண்டுபோங்கள். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைப்பது ஒன்றுதான் சூட்டைத் தணிக்க அதற்குள்ள பெரிய வழி.

“புதுக்கோழியை ராத்திரி சேர்த்துவிட்டால் விடிந்ததும் அடையாளம் தெரியாது, சண்டை வராது.”

தெரியும். முகத்தையும் கொண்டையையும் வைத்துக் கோழி ஒன்றையொன்று அறிந்துகொள்கிறது. எது எதைக் கொத்தலாம் என்ற வரிசையை நார்வேக்காரர் ஷெல்டெரூப் எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். ஒரே கூட்டமாக இடம் மாறுகிற கோழிகளிடம் அந்த வரிசை பெரும்பாலும் கலையாது. வெளிக்கோழி கலந்தால்தான் ரகளை. ராத்திரி சேர்ப்பதால் அந்த ஒரு இரவு அமைதியாகக் கழியும், அவ்வளவே. ரத்தம் வந்த கோழியை உடனே பிரிக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும்.

சண்டையைவிடப் பெரிய ஆபத்து அந்த வெளிக்கோழி கொண்டுவரும் வெள்ளைக்கழிச்சல். நாட்டுக்கோழிக்கு அது வராது என்பது இந்தப் பட்டியலிலேயே அதிக நஷ்டம் தந்த நம்பிக்கை. சிறுவிடை, பெருவிடை எல்லாவற்றுக்கும் வரும். “ஊசி போட்டதால்தான் செத்தது” என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், பக்கத்து வீட்டில் சாகத் தொடங்கிய பிறகே பலர் ஊசியைத் தேடுகிறார்கள். கிருமி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். நோய் வெளிப்பட இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அந்த இடைவெளியில் போட்ட ஊசி காப்பாற்றாது, பழி மட்டும் அதன் மேல் விழும். குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கைத் தோலடியில் ஊசி. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. குடிபோகும் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முந்தியே போட்டுவிட்டால் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். வெளியில் வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தனியே, தனித் தண்ணீர்த் தட்டோடு வையுங்கள். வீட்டுக்கோழிக்குத் தீனி வைத்த பிறகே அதனிடம் போங்கள்.

கடைசியாக முட்டை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். புது இடத்தில் முட்டை நின்றால் கண்பட்டது என்று மிளகாய் சுற்றுகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் தாகத்தில் கிடந்த கோழி பல நாளுக்கு முட்டையை நிறுத்திவிடும். தீனியை ஒரேயடியாக மாற்றினாலும் அப்படியே. பழைய தீனியில் ஒரு மூட்டை கையோடு எடுத்துப்போவது நல்லது. சில வீடுகளில் முட்டை நிற்கவே இல்லை, வைக்கோல் போருக்குப் பின்னால் குவிந்துகொண்டிருக்கும். காலையில் கேறிக்கொண்டே எந்தத் திசைக்குப் போய் மறைகிறது என்று கவனியுங்கள். கூண்டில் வைக்கோல் பரப்பி, கரியால் குறியிட்ட முட்டை ஒன்றை விட்டுவைத்தால் அங்கேயே இடப் பழகும். போரில் கண்டெடுத்த முட்டைகளைத் தண்ணீரில் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதிது. நட்டமாக நின்றால் நாளாகிவிட்டது, உடைத்து மோந்து பார்த்துச் சமைக்கலாம். மிதந்தால் எருக்குழிக்கு.