பால் கொடுக்கும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. ஆண், பெண் சேர்த்து 70 பேர் இருக்கிறோம். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியிருக்கிறேன். குழந்தைக்கு ஏழு மாதம். மதியத்துக்குள் பால் கட்டிக்கொண்டு வலி உயிர் போகிறது. கழிப்பறையில் நின்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறேன். அதையும் ‘பெர்மிஷன்’ என்று எழுதிச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். புட்டிப்பாலுக்கு மாற்றிவிடச் சொல்கிறார் சூப்பர்வைசர். வேலையை விட்டுவிடட்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: விடாதீர்கள் அம்மா. குழந்தைக்கு எந்தப் பால் என்று முடிவு செய்ய சூப்பர்வைசருக்கு அதிகாரமே இல்லை.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, சாப்பாட்டு இடைவேளை போக, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. 1961-ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டத்திலேயே இருந்த உரிமை இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 66-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இந்த இடைவேளையைக் காரணம் காட்டிச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்கிறது 69-ஆம் பிரிவு. இதுவரை பிடித்ததையும் திருப்பிக் கேளுங்கள்.

‘சட்டம் பால் கொடுக்கத்தான் நேரம் தருகிறது, பீய்ச்ச அல்ல’ என்று நிர்வாகம் வாதிடக்கூடும். அந்த வாதம் நிற்காது என்பது என் உறுதியான கருத்து. கோவை தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், 1977-ல் நீதிபதிகள் இந்தச் சட்டத்தின் நோக்கத்தை விளக்கினார்கள்: தாய் இழந்த தெம்பை மீட்க வேண்டும், பிள்ளையைப் பேணி வளர்க்க வேண்டும், அதற்கு உதவும் விதமாகவே சட்டத்துக்குப் பொருள் கொள்ள வேண்டும். குழந்தை வீட்டில், தாய் கடையில் என்றிருக்கும்போது பீய்ச்சி எடுத்துப் போவதுதான் பால் கொடுக்கும் வழி. எடுக்காமல் விட்டால் சுரப்பு குறைந்துவிடும். இனிமேல் கொட்டாதீர்கள், சுத்தமான பாத்திரத்தில் எடுத்து உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் 4 நாள் வரை கொடுக்கலாம்.

இன்னொன்று: 50 பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் கடையில் குழந்தைகள் காப்பக வசதி இருந்தாக வேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். தனியாக நடத்த முடியாத முதலாளி அக்கம்பக்கத்துக் கடைகளோடு சேர்ந்தும் நடத்தலாம். அது வரும்வரை, துணி போட்டுப் பார்க்கும் அறை ஒன்றில் தாழ்ப்பாளும் நாற்காலியும் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறை இருக்கிறது. பெண்களை வைத்தே நடக்கும் கடையில் அது இல்லாதது அநியாயம்.

எதையும் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். இடைவேளை, பிடித்த தொகை, காப்பகம் மூன்றையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, பிறப்புச் சான்றிதழ் நகலோடு கொடுத்து, இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம்: வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உதவி இலவசம், 15100-க்கு அழைக்கலாம். அடுத்த சம்பளத் தேதிக்கு முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.