மேட்டிலிருந்து வரும் தண்ணீருக்குக் கேட் வால்வு

டயகமவில் தண்ணீருக்கு மோட்டார் அவசியமில்லை. காட்டோரத்து ஊற்றைத் தாங்கியில் சேர்த்துவிட்டால் சரிவே அதை லயங்கள்வரை இறக்கிவிடும். குழாய்க்குள் அழுத்தத்தைக் கூட்டுவதும் அதே சரிவுதான். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகளால் இடம்பெயர்ந்து, புதிய இடத்தில் பைப் போடவிருக்கும் குடும்பங்களுக்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் உயரத்தை அளப்போம். தாங்கியின் நீர்மட்டத்திலிருந்து வால்வு வரை நேர்க்குத்தாக 10 மீற்றர் இருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். 60 மீற்றருக்கு 6 பார். பைப்பின் நீளத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது. பலர் ஏமாறுவது இதில்தான். வால்வின் உடலில் பிஎன் 10, பிஎன் 16 என்றிருப்பது 10 பார், 16 பாரைக் குறிக்கும். எண்ணே இல்லாததை மலிவென்று வாங்கவேண்டாம்.

கேட் வால்வுக்குள் இருப்பது வயல் மடைப்பலகை போன்ற ஒரு தகடு. அது முழுதாகத் திறக்கவும் முழுதாக மூடவும் செய்யப்பட்டது. பாதி திறந்து வைத்தால், தகட்டின் அடியில் தண்ணீர் சீறிப் பாய்ந்து தகட்டை அதிரவைக்கும். அது அமரும் விளிம்பையும் அரித்துவிடும். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பங்கிடப் பாதி மூடி வைப்பது நம்மவர் வழக்கம். சண்டையைத் தவிர்க்கச் செய்வது, குறைசொல்லவில்லை. ஆனால் அரிக்கப்பட்ட வால்வு பிறகு இறுக மூடாது. மழை இரவில் கீழே பைப் உடைந்தால், நிறுத்தமுடியாத தண்ணீர் விடியும்வரை மண்ணுக்குள் இறங்கும். ஊறிய சரிவு என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பங்கிடுவதற்கு வேறு வழி உண்டு. நேரம் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் முறைவைத்து முழுதாகத் திறக்கலாம். அல்லது கிளைக்கு ஒரு குளோப் வால்வு போடலாம். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் மூடும் போல் வால்வைப் பீலிக்குப் பாவிக்கலாம்; பிரதான குழாயில் அதைச் சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் மோதிப் பைப்பை உடைத்துவிடக்கூடும்.

2 அங்குலம்வரை பித்தளை வால்வு போதும். அதற்கு மேல் வார்ப்பிரும்பு. மழைக்காலத்தில் கலங்கல் வருமிடங்களில் தகட்டுக்கு இறப்பர் போர்த்திய வகையே நல்லது. உலோகத் தகடு அமரும் பள்ளத்தில் மணல் தங்கும். அதற்கு அடிப்பாகம் வழுவழுப்பானது.

தாங்கியின் வாயில் ஒன்று, கிளைக்கு ஒன்று, மிகத் தாழ்ந்த இடத்தில் மணல் கழுவ ஒன்று எனப் பொருத்துங்கள். கழுவும் தண்ணீர் கானுக்குப் போகட்டும், சரிவில் விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். சுற்று குறைந்தால் அடியில் ஏதோ அடைத்திருக்கிறது. தண்டில் கசிந்தால் வால்வை எறிந்துவிடாமல், மேல் நட்டைச் சற்று இறுக்கிப் பாருங்கள்.