நடையா, மலையா, நாற்காலியா?

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர் பொழுதெல்லாம் மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பார். மோட்டார் வந்த பிறகு காலால் மிதிக்கிற வேலையும் போய்விட்டது. விசைத்தறி ஓட்டுகிறவரோ தறிக்கும் தறிக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார். இதே வித்தியாசத்தை லண்டன் பஸ்களில் கவனித்தவர் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸ். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, இரண்டடுக்குப் பஸ்ஸில் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று 1953இல் எழுதினார்.

அதற்காகத் தறிக்காரர் தப்பித்தார் என்று சொல்ல முடியாது. நாள் முழுக்க நிற்கிற காலில் நரம்பு சுருளும், சத்தத்தில் காது மந்தமாகும். ஐம்பதைத் தாண்டிய இருவருமே வேலைக்கு வெளியே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது நடை. செலவில்லை, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் நல்லது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று தமிழக அரசு 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தையும் கொண்டுவந்தது. ஆனால் நடையோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதில் வாரத்துக்கு 150 நிமிட வேக நடை ஒரு பகுதிதான். தசைக்கு வலுவேற்றும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும். 65 வயதுக்கு மேல், விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சி மூன்று நாள் வேண்டும். இந்தப் பாதி யார் காதிலும் விழுவதில்லை. அரை மணி நேரந்தான் கிடைக்கும் என்றால் இருபது நிமிடம் நடந்துவிட்டு, பத்து நிமிடத்தைத் தொடைக்குக் கொடுக்கச் சொல்வேன்.

மலையேற்றம்? ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சஞ்சீவி மலை பக்கத்திலேயே இருக்கிறது. ஏறும்போது தொடையும் இதயமும் ஒருசேர உழைக்கும். மூட்டு வலிக்காரர்களுக்கு இறங்கும்போதுதான் சோதனை. வருஷமெல்லாம் மிஷினில் இருந்துவிட்டு அமாவாசைக்குச் சதுரகிரி மலைக் கோயிலுக்கு ஏறினால் புண்ணியம் கிடைக்கலாம், உடற்பயிற்சி ஆகாது. நெஞ்சு வலி வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

யோகா உடம்பை வளைக்கும், நிலை தடுமாறாமல் காக்கும். உட்கார்ந்து செய்கிற ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் காலுக்கு வலு சேர்க்காது.

என் ஓட்டு நாற்காலிக்கு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடை வலு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பரிசோதனையும் இதுதான், பயிற்சியும் இதுதான். ‘இந்த வயசுல என்னத்த’ என்பவர்களுக்கு ஒரு செய்தி: பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதுக்காரர்கள் எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990இல் பதிவானது. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு எழுந்து நடந்தால் காசு நஷ்டம். டீ வருகிற நேரத்தில் பத்து முறை எழுந்து உட்கார்ந்தால் ஒரு பீஸும் குறையாது.

சாப்பாட்டில் எல்லாரும் கேட்பது அரிசியா குதிரைவாலியா என்று. விருதுநகர் மாவட்டத்து மானாவாரியில் விளைகிற குதிரைவாலியில் நார்ச்சத்து அதிகம். சர்க்கரைக்காரர்கள் அதற்கு மாறலாம், அளவு குறைந்தால்தான் பலன். புரதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வயதானவர்களுக்குக் குறைவதோ அந்தப் புரதம்தான். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. முதுமையில் 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள் முதுமை மருத்துவ நிபுணர்கள் பலர். அறுபது கிலோ ஆளுக்கு 60 கிராமாவது ஆகிறது. காலையில் இட்லி, மத்தியானம் ரசம் சோறு, ‘ராத்திரிக்கு ரெண்டு தோசை போதும்ப்பா’ என்கிற வீட்டுப் பெரியவருக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிகம்.

பிள்ளைகள் டப்பாவில் சத்து மாவு வாங்கி வருவார்கள். பலவற்றில் சர்க்கரைதான் தூக்கல். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கை நிலக்கடலையில் 7 கிராம் புரதம் இருக்கிறது. பல் இல்லையென்றால் பாசிப்பயறைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் வெறும் வயிற்றில் நடக்கப் போக வேண்டாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரை இறங்கிப் படபடப்பு வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கைகொடுக்காது. அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும்.