வலி நின்றால் நோய் தீர்ந்ததா? இயற்கை மருந்தும் நம் பொறுப்பும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. "நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா?" என்று கிராமவாசிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். செய்துகொள்ளுமாறு சொன்ன நபியவர்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் நிவாரணம் இல்லாமல் அல்லாஹ் விட்டுவிடவில்லை என்ற கருத்தில் விளக்கினார்கள் (அபூதாவூத், திர்மிதீ). ஆகவே மருந்து தேடுவது தவக்குலுக்கு எதிரானது அல்ல.

நம் மலையின் அருட்கொடைகள்

அந்த நிவாரணங்களில் சில நாம் வாழும் நீலகிரியிலேயே விளைகின்றன. குன்னூர் மலைப்பாதையில் உள்ள பர்லியாரில் கிராம்பு விளைகிறது. ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலம் கிடைக்கிறது. பல்வலி வந்தால் கிராம்பைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்களே நம் வீட்டுப் பெரியவர்கள், அது மூடநம்பிக்கை அல்ல. கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருள் வலியை மரத்துப்போகச் செய்கிறது. பல் மருத்துவர்களும் அதைத் தற்காலிக அடைப்புகளில் பயன்படுத்துகிறார்கள்.

எல்லை எங்கே?

சகோதரர்களே, வலி அடங்குவது வேறு, நோய் தீர்வது வேறு. சொத்தை ஆழமாகும்போது பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு செத்துவிடலாம். அப்போது வலி தானாகவே நிற்கும். "தைலம் குணமாக்கிவிட்டது" என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் கிருமிகளோ வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்குப் பரவினால் மூச்சுப் பாதையே அடைபடலாம். உயிருக்கே ஆபத்து.

ஒரு நாள் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கஷ்டம் புரிகிறது. ஆனால் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கும் நம் மீது உரிமை உண்டு.

அளவு தெரிந்தால்தான் மருந்து

1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா மரங்களை நட்டார்கள். அதன் பட்டைதான் மலேரியாவுக்கு மருந்தானது. ஆனால் எல்லாப் பட்டையிலும் சத்து ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் கொயினாவைப் பிரித்தெடுத்து, அளந்து கொடுத்தார்கள். மரத்தைப் படைத்தவன் அல்லாஹ். அளவை அறியும் அறிவைத் தந்தவனும் அவனே.

அளவு தவறினால் தைலமும் நஞ்சாகும். நீலகிரித் தைலத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். அதைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள்.

அறிந்தவரிடம் செல்லுங்கள்

உபை பின் கஅப் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு மருத்துவரை அனுப்பினார்கள். அவர் இரத்த நாளத்தை வெட்டி, சூடு போட்டுச் சிகிச்சை செய்தார் (முஸ்லிம்). மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் ஏற்படும் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்ற கருத்திலும் நபிமொழி உண்டு (அபூதாவூத்). அப்படியிருக்க, வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தைச் சரிபார்க்காமல் பிறருக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய பொறுப்பு!

எனவே,

- இரவில் வலி வந்தால் கிராம்பு வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.
- தாடை வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமம் இருந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
- வெற்றிலை, புகையிலை போடுபவருக்கு வாயில் ஏற்பட்ட புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். புகையிலையை விட்டுவிடுங்கள்.
- நீங்கள் சாப்பிடும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது தூய்மை. என் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்றில்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). நோய் வந்தபின் தேடும் மருந்துக்கு முன்பே, நோய் வராமல் காக்கும் சுன்னத் நம் கையில் இருக்கிறது. இன்றிரவு படுக்கும் முன் உங்கள் பிள்ளைகளுக்குப் பல் துலக்கிவிட்டு அதைத் தொடங்குங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், அதைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.