ஆடு புலி ஆட்டமும் நிர்வாகத் திறனும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்போர் பரமபத சோபான படத்தை விரித்து ஆடுவது நெடுநாளைய வழக்கம். ஏணியும் பாம்பும் தாயக்கட்டையின் வசமாதலின், ஆடுவோர் முடிவு செய்ய அதில் ஒன்றுமில்லை. ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருநிலையில் தாங்கும் மனமே அது தரும் பயிற்சி. ஆள்களை நிறுத்தி வேலை வாங்கும் திறத்தைக் கற்பிப்பதோ ஆடு புலி ஆட்டமாகும்.

பழங்கோயில் மண்டபங்கள் சிலவற்றின் கல்தளத்தில் இதன் கோடுகளை இன்றும் காணலாம். சந்திகள் 23; புலிகள் 3; ஆடுகள் 15. ஆட்டிற்கு அப்பால் வெற்றிடம் இருப்பின் புலி அதனைத் தாண்டி வெட்டும். ஆட்டிற்கோ வெட்டும் வல்லமை இல்லை. புலிகளை நகரவொட்டாமல் அடைப்பதொன்றே அதன் வெற்றி. அன்றியும், 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும் வரை ஒன்றையேனும் நகர்த்தலாகாது. அவசரத்தில் வைத்ததை உடனே திருத்த வழியில்லை என்பதைச் சிறுவரும் இரண்டொரு தோல்வியிலேயே உணர்வர். ஆட்டின் பின் ஆடு நின்றால் புலி தாண்டாது.

பம்மல், நாகல்கேணி வட்டாரத்துத் தோல் பதனிடும் சாலையொன்றில் பதினைந்து பேரை வைத்து வேலை நடத்தும் மேஸ்திரிக்கும் இதுவே கணக்கு: எவரை முதலில் எங்கே நிறுத்துவது, அவருக்குத் துணை யார், ஓரிடம் காலியானால் எவ்வேலை நின்றுபோகும்? ஓர் ஆட்டைப் பலியிட்டுப் புலியை மூலைக்கு இழுப்பது மட்டும் பலகையோடு நிற்க வேண்டிய தந்திரம்.

1950களில் அமெரிக்க மேலாண்மைச் சங்கம் நிர்வாகிகளுக்கென்றே கணிப்பொறியின் துணையோடு ஒரு விளையாட்டை அமைத்தது. நம்மவர்க்குச் சுண்ணாம்புக் கட்டியும் புளியங்கொட்டையும் போதுமாயிருந்தன!

பழகுவோர் ஆட்டந்தோறும் பக்கம் மாற்றிக்கொள்வது நலம். புலியாக ஆடியவர் மறுமுறை ஆடுகளை வைக்கும்போது வெற்றிடங்களையே முதலில் நோக்குவர்.